கோவைப் புறநகரில் யாருக்கு எப்போது பசிக்கிறது?

கோயம்புத்தூரில் டீக்கடைக்குப் பெயர் பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்கு இது முதலில் பிடிபடாது. "அந்த பேக்கரி முன்னால நில்லுங்கணா, வந்தர்றேன்" என்று யாராவது போனில் சொன்னால், மனிதர் கேக் வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் பாய்லர், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், கண்ணாடிப் பெட்டிக்குள் பஃப்ஸும் தேங்காய் பன்னும், நின்றபடி டீ குடிக்கும் பத்துப் பேர். கேக்கும் இருக்கும். யாருக்காவது பிறந்தநாள் வரட்டும் என்று உள்ளே ஒரு மூலையில் காத்திருக்கும்.

இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த ஊரின் புறநகரில் குடியிருந்து, வாரத்தில் இரண்டு மூன்று வேளையாவது வெளியே சாப்பிடுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எந்தத் தெருவில் எந்தக் கடை நிற்கிறது என்பதை அந்த வட்டாரத்தின் நாக்கு முடிவு செய்வதில்லை. வீட்டில் உலை வைக்க நேரமோ இடமோ இல்லாதவர்கள் அங்கே யார், அவர்களுக்கு எத்தனை மணிக்குப் பசிக்கிறது, கையில் எவ்வளவு இருக்கிறது, இவைதான் முடிவு செய்கின்றன. ருசி அப்புறம்தான் வந்து உட்காருகிறது.

கோவை நடுவிலிருந்து ஏழெட்டுச் சாலைகள் பிரிந்து ஓடும் ஊர். அவிநாசி சாலை, திருச்சி சாலை, சத்தி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, மருதமலை சாலை, பாலக்காட்டுச் சாலை, பொள்ளாச்சி சாலை என்று ஒவ்வொன்றும் ஒரு புறநகரை இழுத்துக்கொண்டு போகிறது. 2011-இல் குனியமுத்தூர், குறிச்சி, கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும், சரவணம்பட்டி, வடவள்ளி, துடியலூர், காளப்பட்டி போன்ற பேரூராட்சிகளையும் சேர்த்தபோது மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருத்தது. காகிதத்தில் இவையெல்லாம் இன்று ஒரே மாநகரம். சாப்பாட்டுக் கணக்கில் இன்னும் தனித்தனி ஊர்கள்தான்.

முதலில் திருச்சி சாலை. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் பக்கம் பஞ்சாலைகளின் நிலம். கோவையின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென்று முளைத்தன. ஆலை என்றால் மூன்று ஷிப்ட். நள்ளிரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அந்த நேரத்தில் வீட்டில் யாரும் சூடாக எதையும் எடுத்துவைக்க மாட்டார்கள். மில் வாசலில் ஒரு டீ, ஒரு பன், கடித்துக்கொள்ள ஒரு வடை, அதுதான். சாப்பாடு அல்ல, சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு தாக்குப்பிடிப்பு. நீலகிரித் தேயிலைத் தூள் மலையிறங்கினால் வந்துவிடும் தூரம். பால் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தது. டீக்கடை தழைக்க வேறென்ன வேண்டும்?

டீயில் லாபம் சில்லறைதான். ஆளை டீயால் இழுத்து, காசை பஃப்ஸிலும் பிஸ்கட்டிலும் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. டீக்கடை பேக்கரியாக மாறியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். கேரளத்திலிருந்து வந்து கடை எடுத்தவர்கள் பலர் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒண்டிப்புதூர் கம்போடியா மில் உள்ளிட்ட தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, பிறகு பழையபடி ஓடவில்லை. சங்கு நின்றாலும் பேக்கரிகள் நிற்கவில்லை. ஆலைத் தொழிலாளி இடத்தில் இப்போது ஆட்டோக்காரர், டெலிவரிப் பையன், கல்லூரி மாணவர், நிலத் தரகர். குறிப்பாக நிலத் தரகர். புறநகரில் கைமாறும் சைட்டுகளில் பாதி பேக்கரி ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேசி முடிக்கப்படுகின்றன என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பேக்கரி என்று பேச்செடுத்தால் வரியைச் சொல்லாமல் போக முடியாது. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த ஒரு கூட்டத்தில், அன்னபூர்ணா உணவகங்களின் சீனிவாசன் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் ஒரு குறையைச் சொன்னார். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் "கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன்" என்கிறார் என்று. அரங்கமே சிரித்தது, பிறகு அது அரசியலாகி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அரசியலை விடுங்கள். அந்தப் பேச்சின் அடியில் இருந்தது உண்மையான தலைவலி. ஒரே கல்லாவில் வரியில்லாத பன், ஒரு விகிதத்தில் இனிப்பு, இன்னொரு விகிதத்தில் கேக், உட்கார்ந்து சாப்பிட்டால் வேறு கணக்கு என்று பில் போட்டால் கம்ப்யூட்டருக்கே குழம்பும். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளின் வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. கல்லாக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வரி இன்னொரு வேலையும் செய்தது, அதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி உள்ள உணவகத்துக்கு 18 சதவீதம், ஏசி இல்லாததற்கு 12. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் பொதுவாக எல்லா உணவகத்துக்கும் 5 என்று ஆக்கினார்கள். கடைக்காரர் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை அதற்கு ஈடாக இழந்தார். ஆனால் ஏசி என்பதால் கூடுதல் வரி என்பது ஒழிந்தது. ஃபேன் ஓடும் முன்கூடத்தையும் கண்ணாடிக் கதவு போட்ட பின்னறையையும் ஒரே கடையில் வைத்துக்கொள்வது அதன் பிறகு எளிதாகிவிட்டது. புறநகரில் "பேமிலி ரூம் ஏசி" என்ற பலகை பெருகியதில் வெயிலுக்கு எவ்வளவு பங்கோ, அந்த நவம்பருக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

சத்தி சாலைக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது, வாணலியும்தான். சரவணம்பட்டி, விளாங்குறிச்சி, கீரணத்தம் பக்கம் ஐடி கட்டடங்கள் வந்தன. விளாங்குறிச்சி டைடல் பார்க் 2010-இல் திறந்தது. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். இவற்றோடு சேர்ந்து வந்தது பி.ஜி. என்று சொல்லப்படும் தங்குமிடம்: ஒரு அறைக்கு மூன்று கட்டில், அடுப்பு கிடையாது. அடுப்பு இல்லாத ஆயிரக்கணக்கான கட்டில்களை ஒரு கிலோமீட்டருக்குள் போட்டால் அந்தச் சாலையில் என்ன நடக்கும் என்பதற்கு சரவணம்பட்டி ஒரு பாடப் படம். காலையில் தள்ளுவண்டி இட்லி, மதியம் மெஸ், மாலையில் காளான், இரவு பரோட்டா, பதினொரு மணிக்கு மேல் பிரியாணி, விடிகாலையில் மறுபடி பேக்கரி. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவருக்கு இரவு இரண்டு மணிதான் மதியம். 2019-இல் தமிழக அரசு கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதி கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தட்டு வைக்கும் பழக்கம் இங்கே இருந்தது.

இந்த மாலை நேரக் காளானைப் பற்றி ஒரு வார்த்தை. கோவைக்காரர் "காளான் சாப்பிடலாம் வா" என்றால் அது காளான் அல்ல, அல்லது முழுக்கக் காளான் அல்ல. முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து, கொஞ்சம் காளான் சேர்த்து, மைதாவிலும் சோள மாவிலும் பிசறி எண்ணெயில் பொரித்தெடுத்து, பிறகு பெரிய தட்டைக் கல்லில் மசாலாவோடு தண்ணீர் விட்டுக் கொத்திக் குழைத்துத் தருவது. மேலே வெங்காயம், கொத்தமல்லி. தொன்னையிலோ சின்னத் தட்டிலோ வரும், ஸ்பூனால் வழித்துச் சாப்பிட வேண்டும். மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் நீலகிரிக் காய்கறியில் முட்டைக்கோஸ் மலிவு. மலிவான காயை, பசியோடு கல்லூரி விட்டு வரும் பையனுக்குக் கறி மாதிரி மெல்லக் கொடுத்தது யாரோ ஒரு தள்ளுவண்டிக்காரரின் மூளை. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

கலக்கியும் அப்படித்தான். முட்டையை உடைத்து உப்பு, மிளகு, ஒரு கரண்டிக் குழம்பு விட்டு அடித்து, காய்ந்த கல்லில் ஊற்றிச் சில நொடியில் மடித்து எடுத்துவிடுவார்கள். வெளியே தோல், உள்ளே இன்னும் நெகிழ்ந்து ஓடும். கொங்கு நாட்டைத் தாண்டினால் இதைக் கேட்டு வாங்குவது கொஞ்சம் சிரமம். சென்னையிலிருந்து வந்த நண்பரிடம் தட்டை நீட்டியபோது "இது வேகல" என்று திருப்பித் தரப் பார்த்தார். "அப்படித்தானுங்க இருக்கோணும்" என்றார் மாஸ்டர், கரண்டியை நிறுத்தாமலே.

முட்டைக்கும் கோழிக்கும் இங்கே பஞ்சமில்லாததற்கு ஊரின் இடம் காரணம். நாமக்கல் முட்டைக்குத் தலைநகர், கறிக்கோழிக்குப் பல்லடம். பல்லடத்தில் பண்ணையாளர்கள் அமைப்பு அறிவிக்கும் பண்ணை விலைதான் மேற்குத் தமிழகத்துக் கடைகளின் கறிக்கோழி விலைக்கு அடிப்படை. உடுமலைப்பேட்டையில் பிறந்த சுகுணா நிறுவனம், குஞ்சும் தீவனமும் மருந்தும் தானே கொடுத்து, விவசாயிக்கு வளர்ப்புக் கூலி தரும் ஒப்பந்த முறையைப் பரவலாக்கியது. அதனால் ஆட்டுக்கறியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கோழி கிடைக்கிறது. புறநகரில் புதிதாகத் திறக்கும் அசைவக் கடைகளின் மெனுவை எடுத்துப் பாருங்கள், பத்து வரியில் எட்டு வரி கோழியாக இருக்கும். மட்டன் கடைசியில், விலைக்குப் பக்கத்தில் ஒரு தயக்கத்தோடு.

இதே விலை வருடத்தில் ஒரு மாதம் கவிழும். புரட்டாசி. பெருமாளுக்காக வீடுகளில் கறி சமைப்பது நிற்கும், கோழி விலை சரியும், பிரியாணிக் கடைகளில் மேஜைகள் காலியாகும். அந்த மாதத்தில் சில கடைக்காரர்கள் பெயின்ட் அடித்துக்கொள்வார்கள், சிலர் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வாரக் கணக்கிலும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. செவ்வாய், வெள்ளி மந்தம், புதன் பரவாயில்லை, ஞாயிறு நிற்க இடமிருக்காது. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் இன்னொரு சரிவு. மாணவர்களும் ஐடிக்காரர்களும் நிறைந்த சத்தி சாலையில் இந்தச் சரிவு அவ்வளவு தெரியாது. குடும்பங்கள் நிறைந்த வடவள்ளியில் நன்றாகத் தெரியும். ஒரே பண்டிகை, ஒரே ஊர், இரண்டு சாலைகளில் இரண்டு கல்லா.

கொங்குச் சாப்பாடு என்று இன்று பெரிய பலகைகள் தொங்குகின்றன. இதில் ஒரு முரண் எனக்கு எப்போதும் படும். கொங்கு வீடுகளில் அன்றாடம் சாப்பிடுவது அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், கம்பஞ்சோறு, ராகிக் களி, விசேஷத்துக்குச் சந்தகை (சேவை), ஒப்புட்டு (போளி). இவற்றில் பெரும்பாலானவை கடைகளில் கிடைக்காது, கிடைத்தால் "ஸ்பெஷல்" என்று வாரத்தில் ஒரு நாள் வரும். அரிசிம்பருப்பு வீட்டில் வேறு வழி இல்லாத ராத்திரியில் செய்வது, அதற்குப் போய் யார் காசு கொடுப்பார்கள் என்பதுதான் பழைய மனநிலை. இப்போது மாறுகிறது. வேலைக்காக ஊர் விட்டு வந்து அறையில் கிடக்கும் ஈரோட்டு, கோபி, தாராபுரம் பிள்ளைகளுக்கு அந்த வேறு வழியில்லாத ராத்திரிச் சோறுதான் வேண்டியிருக்கிறது.

பலகையில் உண்மையில் விற்பது பள்ளிபாளையம் சிக்கன். காவிரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊரின் பெயர். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். மசாலாப் பொடி இல்லாததே அதன் அடையாளம். ஆனால் புறநகர்க் கடைகள் பலவற்றில் அதற்குச் சிவப்புப் பொடியும் கார்ன் மாவும் போட்டு, ஏறக்குறைய சீனக் கடை சில்லி சிக்கனாக்கித் தருகிறார்கள். ஒருமுறை ஒரு கடையில் தேங்காய்ச் சில்லு ஒன்றுகூட இல்லாமல் வந்தது. கேட்டேன். "இன்னிக்குத் தேங்காய் வரலைங்கணா" என்றார் பரிமாறுகிற தம்பி. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு தேங்காய் வரவில்லையாம்.

இங்கே ஒரு சின்னத் திருப்பம், தோசைக்கு. மின்சார ஈரக் கிரைண்டர் பிறந்தது கோவையில். 1955-இல் சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆட்டுக்கல்லில் ஆள் வைத்து மாவாட்டிய காலத்தில் ஒரு ஓட்டல் ஒரு நாளில் எத்தனை தோசை போடலாம் என்பது ஆட்டுகிறவரின் தோளைப் பொறுத்தது. கிரைண்டர் அந்த வரம்பை உடைத்தது. 1968-இல் ஆர்.எஸ்.புரத்தில் தொடங்கிய அன்னபூர்ணா போன்ற சைவ ஓட்டல்கள் பிறகு பல கிளைகளாக வளர்ந்ததில் சாம்பாருக்கு இருக்கும் பெருமையில் கொஞ்சம் இந்தக் கல்லுக்கும் சேர வேண்டும். இன்று அதே இயந்திரம் புறநகரில் வேறொரு கடையை நடத்துகிறது: மாவுக் கடை. மாலை ஐந்து மணிக்கு மேல் இட்லி மாவுப் பாக்கெட் வாங்க ஆள் நிற்பார்கள். இதையும் வெளியே சாப்பிடுவதன் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். பாதிச் சமையல் கடையில், மீதி வீட்டில்.

வடவள்ளி, மருதமலைப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேளாண் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், ஓய்வு பெற்றவர்கள், முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். கிருத்திகைக்கும் தைப்பூசத்துக்கும் கூட்டம். சைவ டிபனும் காபியும் ஓடும் சாலை. சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதி என்பதால் காபி நன்றாக இருக்கும் என்பார்கள். உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று யார் நாக்கை வைத்து அளந்தார்களோ, ஒவ்வொரு கோவைக்காரரும் அதைச் சொல்லிக்கொள்வார். கிழக்கிலும் வடக்கிலும் பில்லூர் அணைத் தண்ணீர். புதிதாக விரிந்த பகுதிகளில் பாதி நாள் போர்வெல் உப்புத் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். உப்புத் தண்ணீரில் பருப்பு சரியாக வேகாது, டீயின் ருசி கெடும். அதனால் புறநகரில் நல்ல டீ போடும் கடைக்காரர் கேன் தண்ணீருக்குத் தனியாகச் செலவழிக்கிறார் என்று அர்த்தம். பாய்லருக்குப் பக்கத்தில் நீலக் கேன் கவிழ்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிற்பது என் பழக்கம்.

பாலக்காட்டுச் சாலை வேறு உலகம். வாளையார் சோதனைச் சாவடி இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மழையும் மட்டும் வரவில்லை. கரும்புக்கடை, குனியமுத்தூர், கோவைப்புதூர் வரிசையில் மலையாளிகள், ராவுத்தர் குடும்பங்கள், கேரளத்திலிருந்து படிக்க வந்த மாணவர்கள் என்று கலந்து கிடக்கிறார்கள். பரோட்டா இங்கே அடுக்கடுக்காகப் பெரிதாக வரும், பக்கத்தில் பீப் வறுவல் இருக்கும். கடந்த சில ஆண்டுகளில் இந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டது மந்தி. ஏமன் நாட்டுச் சாப்பாடு. குழியில் இறக்கி வேகவைத்த கறியும், அதன் கொழுப்பு சொட்டிய நீள அரிசிச் சோறும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய மலையாளிகள் கேரளத்துக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து கணவாய் தாண்டியது. பெரிய தாம்பாளத்தில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு குறைகிறது, மாணவர்களுக்கு அது பிடித்துப்போனது. மசாலா காரம் எதிர்பார்த்துப் போகிற தமிழ் நாக்குக்கு முதல் கவளம் சப்பென்றுதான் இருக்கும். அதற்குத்தான் பக்கத்தில் தக்காளிச் சட்னியும் மயோனைஸும்.

அந்த மயோனைஸில்தான் சிக்கல் வந்தது. பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்வது, வெயிலில் சில மணி நேரம் வெளியே வைத்தாலே சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகிவிடும். மயோனைஸ் சேர்த்துத் தரும் இன்னொரு பண்டம் ஷவர்மா; 2022-இல் காசர்கோட்டில் அதைச் சாப்பிட்ட ஒரு மாணவி இறந்தார். 2023-இல் நாமக்கல்லில் ஒரு சிறுமி. கேரளம் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. தமிழகம் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. கடைகள் முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸுக்கு மாறின. ருசி கொஞ்சம் மட்டம்தான், ஆனால் இதில் ருசியைப் பற்றிப் பேசுகிறவரோடு நான் வாதாட மாட்டேன்.

பொள்ளாச்சிச் சாலையில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி. வார்ப்பாலைகள், பம்புத் தொழிற்சாலைகள். இங்கே வேலை செய்கிறவர்களில் பெரும் பங்கு ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம், அசாம் பக்கத்து ஆட்கள். அவர்கள் பெரும்பாலும் அறையில் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள், பணம் ஊருக்குப் போக வேண்டும். வெளியே சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சாலையோரம் ரொட்டி, மீன் குழம்பு, மோமோ, ஜிலேபி என்று ஒரு நாள் சந்தை போலக் கிளம்பும். தமிழில் பலகை இல்லாத கடைகள். நம்மூர்க்காரர்கள் அவற்றில் ஏறுவது குறைவு. வேடிக்கை என்னவென்றால், கொங்குச் சாப்பாட்டுப் பலகை தொங்கும் கடைகளில் உள்ளே அடுப்படியில் நிற்பவர்களும் பல இடங்களில் இவர்களேதான். பள்ளிபாளையம் சிக்கனை ஒடிசாக்காரர் கிண்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேண்டிய மீன் குழம்புக்குச் சிட்கோ பக்கம் போகிறார்.

புறநகரில் கடை திறப்பது எளிது, நிலைப்பது கஷ்டம். நகர நடுவைவிட வாடகை குறைவு, வண்டி நிறுத்த இடம் கிடைக்கும், இந்த இரண்டும்தான் ஆட்களை இழுக்கின்றன. கார் நிறுத்த இடமில்லாத ஓட்டலுக்கு ஞாயிறு இரவில் குடும்பங்கள் வருவதில்லை. அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டி முடித்து 2025 அக்டோபரில் திறக்கும்வரை, சாலையோரக் கடைகள் வருடக்கணக்கில் தூசியிலும் தடுப்புத் தகரத்துக்குப் பின்னாலும் வியாபாரம் பார்த்தன. இப்போது அவசரக்காரர்கள் மேலே பறக்கிறார்கள், கீழே பசிக்கிறவர் மட்டும் வருகிறார். எந்தக் கணக்கு கடைசியில் மிஞ்சும் என்பதை இன்னும் இரண்டு வருடம் போனால் சொல்லலாம்.

செலவில் மிகப் பெரிய தலைவலி ஆள். பரோட்டா மாஸ்டர் நாள் கூலியாக ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார், முன்பணமும் வாங்குகிறார், பக்கத்துக் கடையில் நூறு ரூபாய் கூடுதல் என்றால் மறுநாள் அங்கே இருப்பார். அடுத்தது டெலிவரி ஆப். பில்லில் கால்வாசி வரை கமிஷனாகப் போகிறது என்று கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். 2022 ஜனவரி முதல் ஆப் வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது. பதிவு செய்யத் தேவையில்லாத அளவுக்குச் சின்ன மெஸ் நடத்தும் அம்மாவின் சாப்பாட்டுக்கும் இதனால் வரி விழுகிறது. கமிஷனும் வரியும் சேர்ந்துதான் கடையில் 120 ரூபாய்ச் சாப்பாடு ஆப்பில் 160 காட்டுகிறது. நடந்து போய் வாங்கினால் நாற்பது ரூபாய் மிச்சம், கொஞ்சம் ரசமும் கூட ஊற்றித் தருவார்.

இந்த மெஸ்கள்தான் புறநகரின் உண்மையான தாங்கு கட்டைகள். வீட்டின் முன்னறையில் நாலு மேஜை, கணவர் பரிமாற மனைவி சமையல், மாதக் கணக்கு நோட்டு. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டே வகை. மெனு கார்டு கிடையாது, "இன்னிக்கு என்னங்க?" என்று கேட்டால் சொல்வார்கள். பார்க்கிங் இல்லை, ஏசி இல்லை, படம் எடுத்துப் போட எதுவும் இல்லை. வாடிக்கையாளர் ஒரே ஆட்கள், அதனால் ஏமாற்ற முடியாது. நேற்றைய குழம்பைச் சூடு பண்ணினால் இன்று மதியமே பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும்.

கீரணத்தம் தாண்டி அன்னூர்ப் பக்கம் போகும் வழியில் போன மாதம் ஒரு புது லேஅவுட்டைப் பார்த்தேன். மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள், தார் போட்டிருக்கிறார்கள், இரண்டே வீடு எழும்பியிருக்கிறது. முகப்பில் ஒரு தகரக் கொட்டகையில் பேக்கரி வந்துவிட்டது. வாசலில் கொத்தனார்கள் ஆறு பேர், கொஞ்சம் தள்ளி வெள்ளைச் சட்டையில் ஒரு தரகர். "சாப்பாட்டுக் கடை ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டேன். "குடி வரட்டுங்க" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். பாய்லர் பக்கத்தில் நீலக் கேன் இருந்தது. ஒரு டீ சொன்னேன்.